மெழுகிய ஆடுகளம்

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஸ்தனிஸ்லாஸ் தன்னுடைய மொபெட் சாவியை ஆடுகளத்தில் குத்திப் பார்த்தான். மேல்மண் விடவில்லை. உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினான். சாவி கழுத்துவரை உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது அதில் கறுப்பாகச் சேறு ஒட்டியிருந்தது.

“அண்ணே, உள்ள களி மாதிரி இருக்குண்ணே” என்றான்.

எனக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும்? சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். பெயர் பிச்சமுத்து. எடமலைப்பட்டி புதூரில் ஸ்தனிஸ்லாஸ் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அவன் மனைவி அமலராணி கருவாட்டுக் குழம்பு கூட்டினால் என் வீட்டில் அன்றைக்குச் சோறு கூடுதலாக இறங்கும். அவர்கள் மகள் பெலிண்டாதான் ஒருநாள் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, “மாமா, எங்க டீமுக்கு ஸ்கோர் எழுதித் தாங்க” என்று இழுத்துவந்து உட்காரவைத்தாள். மூன்று வருஷமாக எழுதுகிறேன். சுபாவத்தில் பயந்தாங்கொள்ளி. பந்து என் பக்கம் வந்தால் ஸ்கோர் நோட்டைத்தான் முதலில் முகத்துக்கு நேராகப் பிடிப்பேன்.

“ரெண்டு நாள் நல்லா வெயில் அடிச்சா காஞ்சிரும்பா” என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. பயப்படுகிறவனிடம் யாராவது எதையாவது சொல்லத்தானே வேண்டியிருக்கிறது.

ஸ்தனிஸ்லாஸ் வானத்தைப் பார்த்தான். புரட்டாசி மாசம். காலையிலேயே சட்டை முதுகில் ஒட்டும் புழுக்கம். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் மேகம் திரண்டிருந்தது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அதே மண்ணின் மேல் எங்கள் பெண்கள் கிரிக்கெட் ஆட வேண்டும்.

எங்கள் அணி ஆற்று மணலில் பிறந்தது. காவிரி வறண்டு கிடந்த ஒரு கோடையில் ஹபீபுல்லா பாய் தன் தங்கை மகள் ரிஃபானாவைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீரங்கத்துப் பக்கம் ஆற்றில் இறங்கினார். பாய் பத்து வருஷம் ஷார்ஜாவில் இருந்தவர். இப்போது பெரிய கடைவீதியில் பூட்டு, தாழ்ப்பாள் வியாபாரம். சந்தில் பையன்களோடு ரிஃபானா பந்து பிடிப்பதைப் பார்த்து நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். ஆற்றுக்குள் போனால் யார் வந்து பேசப் போகிறார்கள் என்று பாய் கணக்குப் போட்டார். அங்கே ஏற்கனவே இரண்டு பெண்கள் டென்னிஸ் பந்தோடு நின்றார்கள். ஒருத்தி பெலிண்டா. இன்னொருத்தி ஸ்ரீரங்கத்துக் கமலவல்லி, கோயில் கைங்கரியக் குடும்பம். அந்த மூன்று பேர்தான் ஆரம்பம். ஆடி மாசம் தண்ணீர் வந்து மைதானத்தை அடித்துக்கொண்டு போனபோது அணியில் பதினான்கு பேர் இருந்தார்கள்.

முதல்முதலாகத் தோல் பந்து வாங்கிவந்த அன்று அதை ஆளுக்கு ஆள் கைமாற்றி முகர்ந்து பார்த்தார்கள். அந்த வாரமே ரிஃபானாவின் கட்டைவிரல் நகம் கறுத்துப்போனது. முதல் மேட்ச்சில் முப்பத்தோரு ரன்னுக்கு எல்லோரும் அவுட். திரும்பும் வழியில் பஸ்ஸில் நின்றுகொண்டே அழுதார்கள், சத்திரம் வந்ததும் பரோட்டா தின்றார்கள். அணிக்கென்று ஹெல்மெட் இரண்டுதான். அவுட்டாகி வருகிறவள் கழற்றி, உள்பக்கம் துடைத்து, போகிறவள் தலையில் மாட்ட வேண்டும். இதையெல்லாம் நான் ஸ்கோர் நோட்டின் ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறேன். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதினேன்.

இந்தச் சனிக்கிழமைதான் எல்லாவற்றுக்கும் தலைவாசல். மண்டல லீக்கில் சேர வேண்டுமானால் சொந்தமாக மண் ஆடுகளம் இருக்க வேண்டும். கயிற்றுப் பாய் விரித்து ஆடினால் செல்லாது. லீக்காரர்கள் வந்து ஆடுகளத்தைப் பார்த்து, அதில் ஒரு மேட்ச் நடப்பதையும் பார்த்துவிட்டுத்தான் பெயரைச் சேர்ப்பார்கள். புதுக்கோட்டை அணி ஆட வருகிறது. மாநில அணிக்குப் பத்தொன்பது வயதுக்குட்பட்டவர்களை எடுக்கும் பேட்ரிசியா மேடம் என்று ஒரு தேர்வாளரும் வருகிறார். பெலிண்டாவுக்கு டிசம்பரில் பத்தொன்பது முடிகிறது. அந்த வயதுப் பிரிவில் அவளுக்கு இதுவே கடைசித் தடவை.

ஆடுகளம் போட்டவன் ஸ்தனிஸ்லாஸ். கொள்ளிடக் கரையில் பழைய செங்கல் காளவாய் இருந்த இடத்தைப் பாய் குத்தகைக்குப் பிடித்தார். ஒரு கல்லூரி மைதானத்தில் இரண்டு வருஷம் ரோலர் இழுத்திருக்கிறான் என்ற ஒரே தகுதியில் ஸ்தனிஸ்லாஸிடம் ஒப்படைத்தார். அவன் லால்குடிப் பக்கத்து ஏரியிலிருந்து களிமண் கொண்டுவந்தான். கட்டி உடைத்தான், சலித்தான், அடுக்கு அடுக்காகப் போட்டு மிதித்தான். நாலு மாதம் அவன் உடம்பில் மண் வாசனை போகவில்லை. “கோயிலுக்காவது குளிச்சிட்டு வாங்க” என்று அமலராணி ஞாயிறுதோறும் கத்துவது சுவர் தாண்டி எனக்குக் கேட்கும்.

போன ஞாயிற்றுக்கிழமைவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. திங்கள் காலையில் பார்த்தால் ஆடுகளம் முழுக்க வெடிப்பு. விரல் நுழையும் அளவுக்கு ஓடியிருந்தது. லீக்காரர்கள் பார்த்தால் அப்படியே திரும்பிவிடுவார்கள் என்று ஸ்தனிஸ்லாஸுக்கு உதறல் எடுத்தது. வெடிப்பு மூடத் தண்ணீர் விட்டான். ஆடுகளத்தின் ஆற்றுப் பக்கத்து முனையில், கொள்ளிட முனையில், ஹோஸ் பைப்பை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனவன் வரக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. தண்ணீர் விட்டால் இரண்டு மூன்று நாள் ஆறப்போட்டு அதற்கப்புறம்தான் உருட்ட வேண்டும். அவனுக்கு அதற்குப் பொறுமை இல்லை. லால்குடிக்காரன் கைக்குத் தெரிந்த வேலையைச் செய்தான். அவன் அப்பா வீட்டில் அறுப்புக்கு முன்னால் நெற்களம் மெழுகுவார்கள். அதேபோலச் சாணியைக் களிமண் தண்ணீரில் கரைத்து, தென்னை விளக்குமாற்றால் மூன்று தடவை மெழுகி, ரோலரை இழுத்தான்.

அருமையாக வந்தது. நானே பார்த்தேன். உட்கார்ந்து சாப்பிடலாம் போல இருந்தது. பாய் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு, “மாஷா அல்லாஹ், லார்ட்ஸ் தோத்துச்சு” என்று எழுதினார். முப்பத்தெட்டுப் பேர் கைதட்டும் படம் போட்டார்கள். நெற்களத்தில் நெல் கொட்டுவார்கள், மாடு நடக்கும். அங்கே யாரும் ஐந்து அவுன்ஸ் பந்தை ஓடிவந்து குத்துவதில்லை. மேலே விரற்கடை கனத்துக்குத் தோல் கட்டிவிட்டது. கீழே விட்ட தண்ணீர் போக வழியில்லாமல் அப்படியே நின்றது.

“பாய்கிட்ட சொல்லிரவாண்ணே?” என்று வியாழக்கிழமை கேட்டான்.

“இன்னும் ரெண்டு நாள் இருக்குல்ல. பாப்போம்” என்றேன். வெயில் என்னமோ என் கடையில் வேலை பார்ப்பது போலச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மறுபடி போனோம். வியாழன் சாயங்காலம் தூறல். தார்ப்பாயை விலக்கியபோது உள்ளேயிருந்து வெக்கையாக ஒரு மூச்சு வந்தது. ஸ்தனிஸ்லாஸ் பையிலிருந்து ஒரு பந்தை எடுத்தான்.

“நீங்க அந்தாண்ட ஸ்டம்ப் பக்கத்துல நில்லுங்கண்ணே. நேரா நிக்க வேணாம், தள்ளி நில்லுங்க.”

ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் தெரியும் எதிர்முனையிலிருந்து அவன் எறிந்தான். முதல் பந்து முழங்கால் உயரம் வந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பந்து எனக்கு ஆறேழு தப்படி முன்னால் குத்தியது. குத்தியதுதான் தெரியும். என் காதை ஒட்டி விர்ரென்று போய் வேலியில் விழுந்தது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்தனிஸ்லாஸ் ஓடிவந்து, “அடிபட்ருச்சாண்ணே?” என்று என் தலையைத் தடவினான். பந்து குத்திய இடத்தில் எட்டணா அளவுக்குத் தோல் உடைந்திருந்தது. அதில் விரலை வைத்து அமுக்கினான். தண்ணீர் கசிந்தது.

“நான் சும்மா கையால எறிஞ்சேன். ஓடிவந்து போட்டா என்ன ஆகும்? நாளைக்கு பெலிண்டாதான் முதல்ல பேட் புடிக்கிறா.”

“எல்லாப் பந்துமா அந்த இடத்துல விழும்?”

“அங்கதாண்ணே எல்லாரும் போடப் பாப்பாங்க. முன்னால வந்து ஆடுறதா, பின்னால போறதான்னு பேட் புடிக்கிறவளுக்குத் தெரியாத இடம் அது.”

உடைந்த இடத்தை அவன் களிமண்ணால் அப்பித் தேய்த்து மூடினான். மூடாதே என்று நான் சொல்லவில்லை.

மத்தியானம் மூன்று மணிக்கு லீக்கிலிருந்து நடுவர் வந்தார். வெள்ளைத் தொப்பி, கக்கத்தில் நோட்டு. பாய் அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துக்கொண்டே ஆடுகளத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். நடுவர் குனிந்து விரல் கணுவால் தட்டினார். டக் டக் என்று கேட்டது.

“நல்லா டைட்டா இருக்கே. யாரு போட்டது?”

பாய் ஸ்தனிஸ்லாஸின் தோளில் கையைப் போட்டு முன்னால் தள்ளினார். “இவருதான் சார். நம்ம ஸ்தனிஸ். வெளியூர் ஆள் வச்சுப் போட்டா லட்சக்கணக்குல கேக்குறாங்க. இவரு நாலு மாசம் ஒத்தையா நின்னு பண்ணாரு. பிள்ளைங்க மேல அவ்வளவு முஹப்பத்து.”

ஸ்தனிஸ்லாஸ் வாயைத் திறந்தான். இப்போது சொல்லிவிடுவான் என்றிருந்தது. சொல்லிவிட்டால் தேவலை என்றும், சொல்லிவிட்டால் மூன்று வருஷம் மண்ணோடு போச்சே என்றும் ஒரே நேரத்தில் நினைத்தேன்.

“வெயில் இல்ல சார் ரெண்டு நாளா” என்றான்.

“வெயிலை நீங்களா கொண்டாரப் போறீங்க? போதும், போதும்” என்று சொல்லிவிட்டு நடுவர் நோட்டில் கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் அமலராணி வீட்டில் நான் இருந்தேன். அவள் தையல்காரி. பெண்களின் சட்டை முதுகில் எண் தைத்து முடிக்கும் வேலை பாக்கி இருந்தது. நூல் கோத்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டிருந்தாள். கமலவல்லிக்கு ஏழு, ரிஃபானாவுக்கு ஒன்று, பெலிண்டாவுக்குப் பத்து. மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பெலிண்டா பின்கட்டில் பேட்டுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். ஸ்தனிஸ்லாஸ் முன்னால் தட்டில் சோறும் முருங்கைக்கீரைக் கூட்டும் ஆறிக்கிடந்தன.

அமலராணி மெஷினை நிறுத்தினாள்.

“என்னங்க, நேத்து ராத்திரியும் திங்கல. இப்பவும் பெசஞ்சுட்டே இருக்கீங்க. என்ன நடக்குது? அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்க.”

நான் ஊசிக் காதையே பார்த்தேன். ஸ்தனிஸ்லாஸ் சொன்னான். மெதுவாக, பின்கட்டுக்குக் கேட்காதபடி, சாணியிலிருந்து வேலியில் விழுந்த பந்துவரை எல்லாவற்றையும் சொன்னான். அவள் முகம் வெளுத்துப்போவதை நான் பார்த்தேன்.

“மேரி மாதாவே! எங்க வரும்னு சொன்னீங்க?”

அவன் கழுத்தைத் தொட்டுக் காட்டினான்.

“போன் போடுங்க. இப்பவே பாய்க்குப் போடுங்க.”

“ராணி, லீக்ல சேக்க மாட்டாங்க. அவ வயசு தாண்டிரும்.”

“வயசு தாண்டட்டும். உசுரு தாண்டிட்டா என்ன செய்வீங்க? போடுங்கங்கறேன்.”

போட்டான். ஸ்பீக்கரில் பாய் குரல் அறை முழுக்கச் சிரித்தது. பின்னால் பாத்திரச் சத்தம், பெண்கள் பேச்சு. “சொல்லு ஸ்தனிஸ். புதுக்கோட்டைக்காரங்க வந்து எறங்கிட்டாங்கப்பா. நம்ம வீட்லதான் தங்குறாங்க. எல்லாம் பச்சப் புள்ளைங்க, எங்கம்மா பக்கத்துல உக்காந்து ஊட்டாத குறைதான். அதுல ஜோதின்னு ஒண்ணு, பதினாறு வயசு, முதல் தடவையா வெளியூர் வருதாம். நெய்ச்சோறு ரெண்டு தடவ வாங்கித் தின்னுருச்சு. ஆமா, என்ன விஷயம்?”

ஸ்தனிஸ்லாஸ் அமலராணியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

“ஒண்ணுமில்ல பாய். ரோலர் கயிறு நைஞ்சுபோச்சு. காலைல ஒரு கயிறு கொண்டாங்க.”

“அவ்வளவுதானே! இன்ஷா அல்லாஹ் கொண்டாந்துருவோம். நீ நிம்மதியாத் தூங்குப்பா.”

அமலராணி அவனைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எழுந்து போய், உடைந்த நாற்காலி மெத்தையைக் கிழித்து ஸ்பான்ஜை எடுத்துவந்தாள். நாலு விரல் அகலத்துக்கு வெட்டினாள். வெள்ளைத் துணியில் வைத்து மடித்து, கழுத்தைச் சுற்றிக் கட்டும்படி நாடா வைத்துத் தைத்தாள். இரண்டு தடவை ஊசி விரலில் ஏறியது. வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு மறுபடி தைத்தாள்.

“பெலிண்டா, இங்க வா. இதக் கட்டு.”

“என்னம்மா இது, நாய் பெல்ட் மாதிரி? எல்லாரும் சிரிப்பாங்க.”

“சிரிச்சா சிரிக்கட்டும். கட்டாம பேட் புடிக்கப் போன, நான் நடு கிரவுண்டுக்கே வந்துருவேன்.”

சனிக்கிழமை மழை இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக வருகிறது. ஒரு மழை பெய்திருந்தால் எங்கள் எல்லோருடைய கோழைத்தனத்தையும் அது மூடிவிட்டிருக்கும். பளீரென்று வெயில் அடித்தது. புரட்டாசிச் சனி என்பதால் ஸ்ரீரங்கம் போகிற பஸ்ஸெல்லாம் பெருமாள் சேவிக்கும் கூட்டம். கமலவல்லியின் அப்பா நெற்றியில் திருமண் துலங்க, ஒரு தூக்கு நிறையப் புளியோதரை கொண்டுவந்து வைத்துவிட்டு, “பெருமாள் கடாட்சத்துல இன்னிக்கு எல்லாம் நன்னா நடக்கும்” என்றார். ஸ்தனிஸ்லாஸ் அவரைக் கும்பிட்டான். கும்பிட்ட கையைக் கீழே இறக்க மறந்து அப்படியே நின்றான்.

சாமியானாவுக்குக் கீழே என் மேஜை. பக்கத்து நாற்காலியில் மடியில் ஸ்பான்ஜுப் பட்டையோடு அமலராணி. அடுத்த வரிசையில் தொப்பி போட்ட பேட்ரிசியா மேடம், கையில் சின்ன நோட்டு. ஸ்தனிஸ்லாஸ் உட்காரவில்லை. ரோலர் பக்கத்தில் நின்றான்.

டாஸ் போட்டார்கள். புதுக்கோட்டை ஜெயித்து, முதலில் பேட் பிடிக்கிறோம் என்றது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அமலராணி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அங்கே ஸ்தனிஸ்லாஸ் ரோலரின் கைப்பிடியில் சாய்ந்தான். முப்பது ஓவர் ஆடினால் வெயிலில் மண் கொஞ்சம் காய்ந்துவிடும், அதற்கப்புறம்தானே நம் பெண் என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் நினைத்திருக்கிறோம். இந்த நினைப்பு ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. புதுக்கோட்டைப் பக்கமிருந்து ஒல்லியாக ஒரு பெண் நடந்துவந்தாள். தலையைவிட ஹெல்மெட் பெரிது, நடக்கும்போது ஆடியது.

பாய் என் காதில், “இதான் அண்ணே ஜோதி. நெய்ச்சோறு” என்றார்.

அமலராணி எழுந்தாள். எல்லைக்கோட்டுவரை ஓடி, “பாப்பா, இதக் கழுத்துல கட்டிக்கம்மா” என்று பட்டையை நீட்டினாள்.

ஜோதி சிரித்தாள். “வேணாம்மா, வேர்க்கும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் போய் நின்றது கொள்ளிட முனை.

கேப்டன் கமலவல்லி பந்தைத் துடைத்து, யோசிக்காமல் பெலிண்டாவிடம் எறிந்தாள். எங்கள் அணியில் நன்றாக ஆடுகிறவள்தான் வேகமாகப் பந்தும் போடுவாள். இது எங்களுக்குத் தெரியாததல்ல. மூன்று வருஷமாக என் கையால் எழுதிவருகிறேன். பேட் பிடிப்பவளைப் பற்றியே பயமெல்லாம் இருந்ததால், பந்து போடுகிறவள் யார் என்று எங்களில் ஒருத்தரும் யோசிக்கவில்லை. அமலராணியின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. நகம் இறங்கியது.

பெலிண்டா ராஜகோபுரத்துக்கு முதுகைக் காட்டி ஓடிவந்தாள். பந்து அந்த இடத்தில்தான் விழுந்தது. ஜோதி தலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். பந்து ஹெல்மெட்டை உரசாமல் மேலே போனது. கீப்பர் ரிஃபானா எம்பி, விரல்நுனியால் தட்டித்தான் நிறுத்தினாள்.

மைதானம் கத்தியது. “என்னா பௌன்ஸு! என்னா வேகம்!” என்று பாய் நாற்காலி மேல் ஏறிவிட்டார். பேட்ரிசியா மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நோட்டில் எழுதினார். பெலிண்டாவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. தனக்குள் இப்படி ஒன்று இருந்ததா என்று அவளே வியந்துபோன முகம். நான் எழுந்து கத்தியிருக்க வேண்டும். நோட்டில் ஒரு புள்ளி வைத்தேன்.

இரண்டாவது பந்துக்கு அவள் இன்னும் நாலு தப்படி பின்னாலிருந்து ஓடிவந்தாள்.

சத்தம்தான் முதலில் வந்தது. ஈரத்துணியைக் கல்லில் அடித்த மாதிரி. ஜோதி பேட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள், அப்புறம் பக்கவாட்டில் சாய்ந்தாள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே, எலும்பின் மேல். எல்லோரும் ஓடினார்கள். அமலராணி “என் புள்ள” என்று கத்தினாள். யாரைச் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை.

தண்ணீர் தெளித்தார்கள். ஜோதி கண்ணைத் திறந்து, இரண்டு தடவை இருமி, எழுந்து நின்றாள். நடுவர் போகச் சொன்னார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். “ஆடுறேன் சார். ப்ளீஸ் சார். இவ்வளவு தூரம் வந்துட்டு ரெண்டு பாலுக்கா போவேன்?” வலது கை தொங்கியது. இடது கையால் பேட்டை எடுத்தாள்.

நடுவர் தயங்கினார். அவளுடைய கோச், “அவ அப்படித்தான் சார், நிப்பா” என்றார். எல்லோரும் விலகினார்கள். பெலிண்டா பந்தை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

அப்போதுதான் ஸ்தனிஸ்லாஸ் ரோலர் பக்கத்திலிருந்த மண்வெட்டியை எடுத்தான்.

அவன் ஓடவில்லை. வயலில் நடக்கிற மாதிரி நடந்தான். நடுவர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். பாய், “ஸ்தனிஸ், ஏ ஸ்தனிஸ், என்னப்பா?” என்று கூப்பிட்டார். அவன் ஜோதிக்கு முன்னால் போய் நின்று, கைகளைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு வெட்டு வெட்டினான். நெம்பினான். மேல்தோல் அடை பெயர்வதுபோல ஒரே துண்டாகப் பெயர்ந்தது. கீழே கறுப்புச் சேறு மின்னியது. சாணி நாற்றம் சாமியானாவரை வந்தது. இன்னொரு வெட்டு. இன்னொன்று. நாலு மாச உழைப்பை நாலு நிமிஷத்தில் கொத்திப் போட்டுவிட்டு நின்றான்.

“நான்தான் பண்ணேன்” என்றான். குரல் எங்களுக்கெல்லாம் கேட்டது. “சாணி போட்டு மெழுகிட்டேன். உள்ள தண்ணி நிக்குது. வியாழக்கெழமையே தெரியும். தெரிஞ்சேதான் இந்தப் புள்ளைய நிக்க வச்சேன்.”

“எனக்கும் தெரியும்” என்று நான் சொன்னேன். உட்கார்ந்தபடிதான் சொன்னேன். எத்தனை பேருக்குக் கேட்டதோ.

பாய் குனிந்து சேற்றில் விரலை விட்டுப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

“நேத்து போன் பண்ணியே, அப்ப ஏன் சொல்லல?”

“பயம் பாய்.”

“யாருக்குப் பயந்த? எனக்கா?”

“டீமு போயிருமேன்னு பயம். எம்பொண்ணுக்குச் சான்ஸ் போயிருமேன்னு பயம்.”

“புதுக்கோட்டைல இதப் பெத்தவங்க என்னை நம்பி அனுப்பிருக்காங்க. நான் நாளைக்கு அல்லாஹ்கிட்ட என்ன பதில் சொல்லுவேன் ஸ்தனிஸ்?” பாய் நடுவரிடம் போய், மேட்ச் வேண்டாம் சார் என்று அவரே சொன்னார். லீக்காரர்கள் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். பேட்ரிசியா மேடம் தன் நோட்டில் எழுதியதைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தார். அவர் பேரில் எனக்குக் கோபம் இல்லை. வேறு என்ன செய்வார்?

பெலிண்டா மட்டும் ஓட ஆரம்பித்த இடத்திலேயே நின்றிருந்தாள். அவளை யாரும் கவனிக்கவில்லை. பிறகு மெதுவாக நடந்து அப்பாவிடம் வந்தாள். கையிலிருந்த பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தையலில் சாணி ஏறியிருந்தது.

“அப்ப அந்த ரெண்டு பாலும் நான் போட்டது இல்லையாப்பா?”

ஸ்தனிஸ்லாஸ் மண்வெட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆமாம், நீ போட்டதுதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

“இல்லம்மா” என்றான்.

அவள் உதட்டைக் கடித்தாள். பந்தைக் கீழே போட்டுவிட்டு அவனைத் தாண்டிப் போய்விட்டாள்.

ஜோதி சாமியானா நிழலில் உட்கார்ந்திருந்தாள். இளநீர்க் கடையிலிருந்து கொண்டுவந்த ஐஸ் கட்டியை ரிஃபானா துணியில் சுற்றி அவள் தோளில் வைத்துக்கொண்டிருந்தாள். தோல் கன்றிச் சிவந்து புடைத்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகப் பாய் காரை எடுத்துவரப் போயிருந்தார்.

பெலிண்டாவைப் பார்த்ததும் ஜோதி சிரிக்க முயன்றாள். “செம ஸ்பீடுக்கா. எனக்குப் பந்தே தெரியல. எங்கூருல யாருமே இப்படிப் போட மாட்டாங்க.”

“ஸ்பீடும் இல்ல, ஒண்ணும் இல்ல” என்றாள் பெலிண்டா. அவள் குரல் உடைந்தது. “பிட்ச்சு ஈரம். எங்கப்பா தப்பா போட்டுட்டாரு.” ரிஃபானாவிடமிருந்து ஐஸை வாங்கிக்கொண்டு முட்டி போட்டு உட்கார்ந்தாள். “ரொம்ப வலிக்குதா? எலும்புல ஒண்ணும் ஆகலையே? கையத் தூக்கு பாப்போம்.”

எப்போது வந்தான் என்று தெரியாது, ஸ்தனிஸ்லாஸ் எனக்குப் பின்னால் நின்றிருந்தான். முழங்கால்வரை சேறு. அமலராணி போய் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜோதி பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தூக்கினாள். இடுப்புவரை வந்தது. நின்றது. மறுபடி தூக்கினாள். மார்புவரை, தோள்வரை வந்து நடுங்கியது.

“இன்னும் கொஞ்சம் தூக்கும்மா” என்றான் ஸ்தனிஸ்லாஸ். “இன்னும் கொஞ்சம்.”